மாஸ்டர் போட்ட ஸ்டேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டரைத் தெரியாதவர்கள் அந்தத் தெருக்களில் குறைவு. அதற்குக் காரணம் திறமை அல்ல, தொண்டை. கூரைமேல் பலகை வைத்த அந்த வெள்ளைக் கார் முக்கு திரும்புவதற்கு முன்பே, “கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்சுன்னா இடது காலு!” என்று அவர் குரல் திரும்பிவிடும். நடைபாதையில் படுத்திருக்கிற நாய்கள் எழுந்து ஒதுங்கிக்கொள்ளும்.

பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் முழித்தால் இவர் மிதித்து நிறுத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து மிதித்து மிதித்து, அவருடைய வலது கால் அவரைக் கேட்காமலே மிதிக்கப் பழகிவிட்டது. பேருந்தில் போனால் மிதிப்பார். சினிமாவில் கார் வேகமாக வந்தால் முன்சீட்டை மிதிப்பார், அங்கே இருப்பவர் திரும்பி முறைப்பார். கற்றுக்கொண்டு போனவர்கள் அவருக்கு ‘பிரேக் மாஸ்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். “பரவாயில்ல, ஹாரன் மாஸ்டர்னு வைக்காம விட்டாங்களே” என்பார்.

கல்யாணமும் செய்துதான் பார்த்தார். மனைவி சண்டை எதுவும் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே, தான் ஏன் பிரிந்து போக நினைக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெங்காயம் நறுக்கினால் பின்னால் நின்று திருத்துவது, கதவு சாத்தினால் இன்னும் மெதுவாகச் சாத்தலாமே என்பது, தூக்கத்தில் ‘லெஃப்ட் எடு, லெஃப்ட் எடு’ என்று கத்துவது. கேட்கக் கேட்க மாஸ்டருக்கே அதெல்லாம் நியாயமாகப் பட்டது. முடிந்திருந்தால் அவரும் தன்னை விட்டுவிட்டு அந்தம்மா கூடவே கிளம்பிப் போயிருப்பார். முடியாததால் தன்னோடேயே இருந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அப்படியே, மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில், ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டு.

இந்த நிலையில்தான் கறிக்கடைக்காரம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார்.

கணவர் இறந்த பிறகு மாட்டிறைச்சிக் கடையைத் தனியாக நடத்துகிறவர் அவர். கடைக்குப் பின்னால் சரக்கு வேன் நிற்கிறது, ஓட்டிக்கொண்டிருந்த ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டான், இனி நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று வந்துவிட்டார். ஒரே வெட்டில் தொடை எலும்பைப் பிளக்கிற கை. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால், தண்ணீரில் விழுந்தவர் கட்டையைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். ரிவர்ஸ் என்றால் போதும், வண்டி ஒரு பக்கமும் அவர் பார்வை ஒரு பக்கமும் போகும்.

மாஸ்டர் வழக்கம்போல் கத்தினார். மற்றவர்கள் பயப்படுவார்கள், சிலர் அழுவார்கள், ஒருவர் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார். இந்தம்மா என்ன செய்தார் என்றால், நட்டநடு சாலையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, மடியில் கையை வைத்துக்கொண்டார்.

“மாஸ்டர், நீங்க கத்தி முடிங்க. அப்புறம் போவோம்.”

பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. மாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார். கத்துவதற்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்து யாரும் உட்கார்ந்ததில்லை. அப்படிக் கொடுத்தபோது கத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

“முடிஞ்சுது” என்றார்.

“சரி” என்று அந்தம்மா வண்டியை எடுத்தார். அன்று முதல் மாஸ்டருக்குள் ஏதோ ஒன்று நியூட்ரலில் விழுந்து, பிறகு எந்த கியரிலும் சேரவில்லை.

இரண்டு முறை தேர்வில் தவறிய பிறகு மூன்றாவது முறை அந்தம்மா பாஸ் செய்தார். மாஸ்டர் கைதட்டினார், பாராட்டினார், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மாணவர் பாஸ் செய்ததற்காக வருத்தப்படுகிற ஒரே வாத்தியார் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

இனி அந்தம்மாவைப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது, கறி வாங்குவது. மாஸ்டருக்குக் கறியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது மாட்டிலிருந்து வருகிறது என்பது மட்டும்தான். கடைக்குப் போனார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பாக அடுக்கியிருந்ததைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார்.

“என்ன வேணும் மாஸ்டர்?”

“இப்போ போனாங்களே, அவங்களுக்குக் கொடுத்ததையே எனக்கும் கொடுங்க.”

இது நன்றாக வேலை செய்தது. சனிக்கிழமைதோறும் அதையே சொன்னார். முன்னால் நிற்பவர் கொத்துக்கறி வாங்கினால் இவருக்கும் கொத்துக்கறி. ஈரல் என்றால் ஈரல். ஒரு முறை முன்னால் நின்றவர் உணவு விடுதிக்காரர். அன்றைக்கு ஒரு முழு மாட்டு நாக்கைச் சுமந்துகொண்டு மாஸ்டர் மாடி ஏறினார். அதை மேசைமேல் வைத்தபோது அது அவரைப் பார்த்துப் பழிப்புக் காட்டுவதுபோல் இருந்தது. எதையும் சமைக்கத் தெரியாது, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அந்தம்மா கையால் கட்டிய பொட்டலம் அல்லவா? எல்லாவற்றையும் ஃப்ரீசரில் திணித்தார். சில வாரங்களில் ஃப்ரீசர் கதவை முழங்காலால் உந்தி மூட வேண்டியதாயிற்று.

எல்லாம் இந்த மட்டில் நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு சனிக்கிழமை கடையில் கூட்டம் இல்லை. அந்தம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“போன வாரம் வாங்கிட்டுப் போனீங்களே, எப்படி இருந்துச்சு?”

நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் மாஸ்டர் அன்று காலையில்தான் சலூனில் முடி வெட்டக் காத்திருக்கும்போது ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டியிருந்தார். அதில் பக்கம் முழுக்க ஒரு படம். வெள்ளைத் தட்டு, தடிமனான ஒரு துண்டு இறைச்சி, அதன்மேல் பளபளவென்று கருஞ்சிவப்பாக ஏதோ வழிகிறது. கீழே பெயர் போட்டிருந்தது. அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து தானாக இறங்கிவிட்டது.

“அருமை மேடம்! ஸ்டேக் போட்டேன். ஒயின் சாஸ் வெச்சு.”

அந்தம்மாவின் கை நின்றது. “ஸ்டேக்கா?”

“ஸ்டேக்தான். சும்மா வெண்ணெய் மாதிரி கரைஞ்சுது.”

“ஒயின் சாஸோட?”

“ஒயின் சாஸ் இல்லாம ஸ்டேக் என்ன மேடம் ஸ்டேக்கு!” காலடியில் பிரேக் இருந்திருந்தால் மாஸ்டர் அந்த இடத்திலாவது மிதித்திருப்பார். கடைத் தரையில் அது இல்லை.

அந்தம்மா கத்தியைக் கீழே வைத்தார். “எனக்கு யாரும் சமைச்சுப் போட்டு ரொம்ப நாளாச்சு. ஒரு நாள் எனக்கும் செஞ்சு கொடுங்களேன். கறி நான் கொண்டு வர்றேன். நீங்க அந்த சாஸை மட்டும் பாருங்க.”

“அதுக்கென்ன மேடம், தாராளமா!” என்றது மாஸ்டரின் வாய். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு என்று நாளும் குறித்தாகிவிட்டது.

மாஸ்டர் நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அவரைவிட ஆறு வயது பெரியவர், இரண்டு தெரு தள்ளி வீடு. பள்ளிக்கூட கேன்டீனில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா கதையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார், பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் சிரித்தார்.

“உனக்கு முட்டை அவிக்கத் தெரியுமாடா?”

“தெரியும்.”

“போன மாசம் பாத்திரத்துல தண்ணி ஊத்த மறந்து, வெறும் பாத்திரத்துல முட்டையை வெச்சுட்டுப் போன் பேசினது யாரு?”

“அது வெடிச்சதுக்கப்புறம் கத்துக்கிட்டேன்.”

அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. ஒத்திகை பார்ப்போம் என்றார். சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சித் துண்டும் ஒரு பாட்டில் சிவப்பு ஒயினும் வாங்கி வந்தார்கள். கார்க்கைத் திருகி எடுக்கிற திறப்பான் யாரிடமும் இல்லை. மாஸ்டர் காரிலிருந்து டூல் பெட்டியை எடுத்து வந்து, கார்க்கில் ஒரு நீள ஸ்க்ரூவை முடுக்கி, கட்டிங் பிளையரால் பிடித்து, பாட்டிலை முழங்காலுக்கு நடுவில் வைத்து இழுத்தார். கார்க் வந்தது. கூடவே ஒரு குவளை ஒயினும் வந்து கூரைக்குப் போனது. அக்கா கணவர், மாமா, அதுவரை டிவி பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆர்வத்தோடு எழுந்து வந்தார்.

“ருசி பாக்கணும்ல மாப்ள” என்று ஒரு டம்ளரை நீட்டினார்.

விஷயம் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை என்று அக்கா போனில் வீடியோவைப் பார்த்துச் சொன்னார். இரும்புச் சட்டியை நன்றாகக் காய வைக்க வேண்டும். கறியை இரண்டு பக்கமும் சிவக்க விட வேண்டும். பிறகு சட்டியோடு ஓவன் அடுப்புக்குள் தள்ளி சில நிமிஷம் வைக்க வேண்டும். கறியை எடுத்துத் தட்டில் சற்று ஆற விட்டுவிட்டு, அதே சட்டியில் சின்ன வெங்காயத்தை வதக்கி, ஒயினை ஊற்றிப் பாதியாகச் சுண்ட விட்டு, கடைசியில் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டுச் சுழற்றினால் சாஸ்.

“கறியைப் போட்டா கை வெக்காத. அதும்பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார் அக்கா.

அதுதான் மாஸ்டரால் முடியாத காரியம். போட்ட நிமிஷத்திலிருந்து திருப்பினார், நகர்த்தினார், அழுத்தினார், ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ‘லெஃப்ட்ல கொஞ்சம், லெஃப்ட்ல கொஞ்சம்’ என்று அதனிடம் பேசினார். கறி சிவக்கவே இல்லை. சாம்பல் நிறமாகித் தண்ணீர் விட்டது. பயந்துபோய் ஓவனுக்குள் இருமடங்கு நேரம் வைத்தார். வெளியே எடுத்தபோது அது சட்டியில் ‘டொக்’ என்று சத்தம் போட்டது.

மாமா மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார், “பாவம் மாப்ள, இந்த மாட்டை ரெண்டாவது தடவை கொன்னுருக்கீங்க.”

“சாஸ்?”

“சாஸுக்கு ஊத்தறதுக்கு முன்னால ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று மாமா டம்ளரைக் காட்டினார். பாட்டிலில் பாதி காலியாகியிருந்தது.

மிச்ச ஒயினை மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப் போனார். இன்னொரு பாட்டிலைத் திறக்கிற போராட்டத்துக்கு உடம்பில் தெம்பில்லை. பாட்டில் வாயில் காகிதத்தைச் சுருட்டி அடைத்து, மறக்காமல் இருப்பதற்காக அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார். அங்கேயே அது ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அது தப்பு என்று அவருக்குத் தெரியாது. பெட்ரோல் கெடுவதில்லை, ஒயின் மட்டும் எப்படிக் கெடும் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கறிக்கடைக்காரர்கள் விடிவதற்கு முன்னே எழுகிறவர்கள், ராச்சாப்பாட்டுக்கு அவர்களைக் கூப்பிட்டால் மாலை ஐந்தரைக்கே கூப்பிட வேண்டும். மாஸ்டர் அக்காவிடம் வாங்கிய விரிப்பை விரித்து, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். பத்திரிகைப் படத்தில் இருந்ததே! ஆனால் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு மேசைமேல் விழுந்தது. சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. எரிகிறதா அணைந்துவிட்டதா என்று பார்க்கக் கையை நீட்டிச் சுட்டுக்கொண்டார். மாடிப் படியில் காலடிச் சத்தம் கேட்டபோது அவர் விரலை வாயில் வைத்திருந்தார்.

அந்தம்மா நீலச் சேலை கட்டியிருந்தார். கடை ஏப்ரன் இல்லாமல் அவரைப் பார்த்ததும் மாஸ்டருக்கு வணக்கம் சொல்வதா கை குலுக்குவதா என்று புரியவில்லை. “வண்டி எங்க போட்டீங்க?” என்று கேட்டார்.

“கீழதான். ரெண்டு காருக்கு நடுவுல, ரிவர்ஸ்ல.”

“ஒரே தடவையிலயா?”

“நாலு தடவை. நீங்க பாக்கலையே.” அந்தம்மா மேசையைப் பார்த்தார். “பகல்ல எதுக்கு மெழுகுவர்த்தி? கரண்ட் இல்லையா?”

“அது... ஒரு இதுக்காக மேடம்.”

“ஓ” என்று அந்தம்மா உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து அவசரமாகப் போனது.

கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு துண்டு. இரண்டு விரல் தடிமன், வெள்ளைக் கொழுப்பு நூல் நூலாக ஓடியது. மாஸ்டருக்கு அதைத் தொடவே கூச்சமாக இருந்தது. தன் கையில் கிடைத்து இது என்ன பாடு படப்போகிறதோ என்று இரக்கப்பட்டார்.

ஆரம்பம் மோசமில்லை. சட்டி காய்ந்தது. கறியைப் போட்டதும் ‘சுர்’ என்று சீறியது. மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடித்துப் போட்டாலும் தொடுவதில்லை என்று பல்லைக் கடித்தார். கை கட்டியிருந்தது, கால் கட்டியிருக்கவில்லை. கொழுப்பு தெறித்துக் குபுக்கென்று ஒரு சுடர் எழுந்ததும் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. கீழ் வீட்டுக்காரர் தன் கூரையைத் தட்டி பதில் சொன்னார்.

“இப்போ என்ன பண்ணீங்க?” என்றார் அந்தம்மா.

“பிரேக் போட்டேன் மேடம்.”

அந்தம்மா இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. மாஸ்டருக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். சட்டியை ஓவனுக்குள் தள்ளினார். துணியால் பிடித்து வெளியே எடுத்தார். கறியைத் தட்டுக்கு மாற்றினார். எல்லாம் சரி. வெங்காயம் போட்டார், மணம் வந்தது. திரும்பி, “பாருங்க மேடம், இனிமேத்தான் சங்கதியே” என்று ஒயின் பாட்டிலை ஒரு கையில் எடுத்து, சட்டியைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கையால் அதன் பிடியை இறுக்கிப் பிடித்தார்.

ஓவனிலிருந்து வந்த இரும்புச் சட்டிக்குப் பிடியும் இரும்புதான் என்பதை அவர் மூளை மறந்திருந்தது. உள்ளங்கை மறக்கவில்லை.

அவர் போட்ட சத்தம் பயிற்சிக் காரில்கூட யாரும் கேட்காதது. பாட்டில் சட்டிக்குள் கவிழ்ந்து குபுகுபுவென்று கொட்டி, அறை முழுவதும் புளித்த ஆவி. அந்தம்மா ஒரே எட்டில் வந்து அடுப்பை அணைத்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனார்.

“கையை எடுக்காதீங்க. தண்ணி ஓடட்டும். கடையில கத்திக்கு அடுத்தபடியா காயத்துக்கு முதலுதவிதான் எனக்கு நல்லாத் தெரியும்.”

கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடியது. “அப்புறம் ஐஸைத் துணியில சுத்தி ஓரமா வெச்சுக்கலாம். ஃப்ரீசர்ல ஐஸ் இருக்கா?” என்று திரும்பினார்.

மாஸ்டருக்கு எரிச்சல் எல்லாம் மறந்துபோனது. “ஐஸ் வேண்டாம் மேடம்! ஐஸ் எனக்கு ஒத்துக்காது!”

அந்தம்மா அதற்குள் கதவை இழுத்துவிட்டார். முழங்காலால் உந்தி மூடியிருந்த கதவு அல்லவா? விட்டதும் உள்ளிருந்து ஒரு பொட்டலம் சரிந்து தரையில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கல்லாக உறைந்த நாக்கு உருண்டு வந்து அந்தம்மாவின் காலடியில் நின்றது. எல்லாம் அவர் கடைக் காகிதம், அவர் கட்டிய முடிச்சு, ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை.

மாஸ்டர் குழாயடியில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டார். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது, ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து போனால் கீழ் வீட்டுக்காரர் மறுபடி தட்டுவார்.

“மாஸ்டர்.”

“சொல்லுங்க மேடம்.”

“இதுல எதையுமே நீங்க சமைக்கலையா?”

“இல்ல மேடம்.”

“ஸ்டேக்?”

“சலூன்ல படம் பாத்தேன்.”

அந்தம்மா குனிந்து பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அவை நன்றாகத்தான் இருந்தன. பிறகு சொன்னார், “எனக்கு அன்னிக்கே தெரியும்.”

மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

“அதுக்கு முந்தின வாரம் உங்களுக்கு முன்னால நின்னவர் அவரோட நாய்க்கு எலும்பு வாங்கினாரு. நீங்க அதையே கொடுங்கன்னீங்க. கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து வெண்ணெய் மாதிரி கரைஞ்சுதுன்னு சொல்றீங்க.” அந்தம்மா தோள் குலுங்கியது. “நீங்க போனப்புறம் கடையை அரை மணி நேரம் சாத்திட்டேன். சிரிப்பை நிறுத்த முடியல.”

“அப்போ ஏன் வர்றேன்னு சொன்னீங்க?”

“இவ்ளோ பெரிய பொய்யை ஒருத்தர் எனக்காகச் சொல்றாரே, அடுத்தது என்ன பண்றாருன்னு பாக்கலாம்னுதான்.” குரலை இறக்கினார். “என் வீட்டுக்காரர் போனப்புறம் எல்லாரும் என்கிட்ட ரொம்ப மரியாதையா பேசுறாங்க மாஸ்டர். கேட்டா கறி, கொடுத்தா காசு, அவ்ளோதான். நீங்க ஒருத்தர்தான் ரோட்டுல என்னைப் பாத்துக் கத்தினீங்க. டெஸ்ட் பாஸ் ஆனப்புறம் அது இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சு.”

மாஸ்டர் குழாயை மூடினார். “கத்தணும்னா மேடம், இப்பவே வேணாலும்...” என்று இழுத்தார்.

“முதல்ல மேடத்தை விடுங்க.”

“வேற என்னன்னு கூப்பிடறது?”

“எதுக்குக் கூப்பிடணும்? பக்கத்துலதானே இருக்கேன்.”

உறைந்த ஈரல் பொட்டலம் ஒன்றைத் துணியில் சுற்றி மாஸ்டர் கையில் கட்டி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்தம்மா அடுப்புக்குப் போனார். மாஸ்டர் செய்ததில் கறி மட்டும் பிழைத்திருந்தது, மேலே நன்றாகவே சிவந்திருந்தது. சாஸைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார். மாஸ்டர் நாற்காலியில் இருந்தபடியே, “வெண்ணெய், வெண்ணெய், மெதுவா, சுத்துங்க, வலது பக்கம்” என்றார். அந்தம்மா கரண்டியைக் கீழே வைத்தார், அடுப்பைக் குறைத்தார், இடுப்பில் கை வைத்துத் திரும்பி நின்றார். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். கரண்டி மறுபடி சுழன்றது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்தம்மா முதல் துண்டைச் சாஸில் தோய்த்து வாயில் வைத்தார். ஒரு கண் தானாக மூடியது.

“எப்படி இருக்கு?”

“உண்மையைச் சொல்லவா?”

“சொல்லுங்க. இன்னிக்குப் பொய் தீந்துபோச்சு.”

“கறி நல்லா இருக்கு. சாஸ் ஊறுகாய்க்கு ஊத்தற வினிகர் மாதிரி இருக்கு. இந்த ஒயின் எப்போ திறந்தது?”

மாஸ்டர் சொன்னார். பெட்ரோல் கணக்கையும் சேர்த்துச் சொன்னார். அந்தம்மாவுக்குப் புரை ஏறியது, தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. சாஸைத் தொட்டியில் கொட்டினார்கள். உப்பும் மிளகுத்தூளும் தூவி கறியை வெறுமனே தின்றார்கள். இடது கையால் வெட்டத் தெரியாமல் மாஸ்டரின் துண்டு தட்டைவிட்டுப் பறந்ததும், அந்தம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, கடையில் வெட்டுகிற அதே சீரில் சின்னச் சின்னதாக நறுக்கி நகர்த்தினார். யாரும் தனக்கு இப்படிச் செய்து மாஸ்டருக்கு நினைவில்லை. செய்யவிட்டதும் நினைவில்லை.

வெயில் இறங்கி, மெழுகுவர்த்திக்கு ஒருவழியாக ஒளி வந்தபோது, அந்தம்மா சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிப்போனார். விடியலுக்கு முன் எழுந்த உடம்பு. தலை சுவரில் சாய்ந்து லேசான குறட்டை வந்தது. மாஸ்டர் படம் பார்த்துத் திட்டமிட்டதில் இந்தக் கட்டம் இல்லை. எழுப்புவதா, போர்த்துவதா, தட்டைக் கழுவுவதா? கழுவினால் சத்தம் வரும். நாற்காலியை நகர்த்தினாலும் வரும். அவர் அப்படியே உட்கார்ந்தார். மூச்சைக்கூட அளவாக விட்டார். சுவர்ப் பக்கமாக அந்தம்மாவின் கழுத்து ஒருமாதிரி மடங்கியிருந்தது, இன்னும் கொஞ்சம் நேராகச் சாயலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

அந்தம்மா திடுக்கென்று விழித்தார். “அய்யோ, ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?”

“இல்ல இல்ல, கொஞ்ச நேரம்தான்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“சும்மா இருந்தேன்.”

“நீங்களா?” என்று அந்தம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். “அடுத்த ஞாயிறு எங்க வீட்டுக்கு வாங்க. நான் சமைக்கிறேன். கறி கிடையாது, சொல்லிட்டேன். வாரம் முழுக்க அதையே பாத்து எனக்கு அலுத்துப்போச்சு.”

அடுத்த ஞாயிறு மாஸ்டர் கையில் கட்டோடு போனார். அந்தம்மா காய்கறி சூப் வைத்திருந்தார். கேரட்டும் உருளைக்கிழங்கும் கோடு போட்டு வெட்டியதுபோல் ஒரே அளவில் மிதந்தன. அவ்வளவு அழகான சூப்பை மாஸ்டர் பார்த்ததில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தார். கேரட் பச்சையாக இருந்தது, உருளைக்கிழங்கு கரைந்திருந்தது, உப்பு கடலில் இருந்து நேராக வந்திருந்தது.

நிமிர்ந்தார். அந்தம்மா மேசை விளிம்பை ஸ்டீயரிங்போல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடையில வெட்டத்தான் தெரியும்” என்றார் மெதுவாக. “சமையல் எல்லாம் என் வீட்டுக்காரர்தான் பாத்துக்குவார். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

மாஸ்டர் இன்னொரு கரண்டி எடுத்துக் குடித்தார். பிறகு எழுந்து, “ரொட்டி எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“மேல் அலமாரியில. ஜாமும் இருக்கு.”

“போதும்” என்றார் மாஸ்டர்.